டெசாரு அலைக்கு சூப்பர்ஜெட்: காசை முதலில் எதில் போடுவது?

தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள் ஜொகூர் கிழக்குக் கரையில் இருக்கும் டெசாருவில் அலை எழும்பத் தொடங்கிவிடும். நவம்பரில் ஆரம்பிக்கிற வடகிழக்குப் பருவக்காற்று மார்ச் வரை தென்சீனக் கடலைக் கிளறிக்கொண்டே இருக்கும். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துவிட்டு வந்து களைப்பாறும் வாரத்தில்கூட அலை இருக்கும். மேற்குக் கரைக்காரர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ரா நீட்டிப் படுத்துக் கிடக்கிறது. பெரிய அலை உருண்டு வர இடமே கிடையாது. கோத்தா திங்கியில் இருக்கும் எங்களுக்கோ ஜெட் ஸ்கீயை லோரியில் ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் கடல்.

சுற்றிலும் செம்பனை, நடுவில் ஊர். என் பட்டறைக்கு வருவதெல்லாம் தோட்டத்துச் சாமான்கள்தான்: புல் வெட்டும் மெஷின், குலை ஏற்றும் டிராக்டர், தேய்ந்துபோன கப்சாய் மோட்டார்சைக்கிள். ஜெட் ஸ்கீ வருஷத்துக்கு இரண்டு மூன்று வந்தால் அதிகம். ஆனாலும் டூ ஸ்ட்ரோக் இஞ்சின் எங்கே இருந்தாலும் டூ ஸ்ட்ரோக் இஞ்சின்தானே. அந்தத் தைரியத்தில்தான் கை வைக்கிறேன்.

அக்டோபர் கடைசியில் பாசிர் கூடாங்கில் வேலை செய்கிற தம்பி ஒருவன் பழைய யமஹா சூப்பர்ஜெட் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். 701 சிசி, இரண்டு சிலிண்டர், உருண்டை மூக்கு, அதாவது 1996இல் மாறிய உடம்பு. உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய வண்டி இல்லை. நின்றுகொண்டு, மடங்கும் கம்பியைப் பிடித்து ஓட்டுவது. கையில் 3,000 வெள்ளி வைத்திருந்தான். எதில் போடுவது என்பதையும் அவனே முடிவு செய்திருந்தான்.

"அண்ணே, ஹெட்டையும் பைப்பையும் மாத்திடலாம். அலையில பவர் பத்தல."

"சரி, போன தடவை டெசாருவுல எப்படி விழுந்தேன்னு சொல்லு."

"கால் வழுக்கிடுச்சு."

"அப்புறம்?"

"நுரைக்குள்ள போனா இஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. ரெண்டு தடவை கவுந்துச்சு, உள்ள தண்ணி பூந்துடுச்சு. ஸ்டார்ட் ஆகல."

கால் பிடிக்கவில்லை, வண்டியைத் தள்ளுகிற பம்ப் தண்ணீரைப் பிடிக்கவில்லை, உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகவில்லை. அவன் சொன்ன மூன்றில் ஒன்றுகூட பவர் சம்பந்தப்பட்டதில்லை. இஞ்சின் மூடியான ஹெட்டும் புகைக் குழாயான பைப்பும் புதுசாகப் போட்டிருந்தால் அதே நுரையில் இன்னும் பலமாகக் கத்தியிருக்கும், அவ்வளவுதான்.

புது வண்டியே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. யமஹா 2021இல் சூப்பர்ஜெட்டை ஃபோர் ஸ்ட்ரோக்காக மாற்றியது: மூன்று சிலிண்டர், 1049 சிசி, எடை கிட்டத்தட்ட 170 கிலோ. அதேபோல நின்று ஓட்டுகிற கவாசாகியின் எஸ்எக்ஸ்-ஆர் 2017இல் 1498 சிசி இஞ்சினோடு திரும்பி வந்தது. அது 250 கிலோ. இரண்டும் நல்ல வண்டிகள். எண்ணெய் கலக்க வேண்டாம், புகை கிடையாது. தட்டைத் தண்ணீரில் எஸ்எக்ஸ்-ஆரைப் பிடிக்க முடியாது. ஆனால் அலை உடைகிற இடத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்று 250 கிலோவைத் திரும்ப நிமிர்த்திப் பாருங்கள். பழைய டூ ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட் 140 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். அடுத்த அலை வந்து முதுகில் அடிப்பதற்குள் ஒரே ஆள் புரட்டிவிடலாம். அலைக்கு இன்றும் பழசையே தேடி வாங்குகிறார்கள் என்றால் காரணம் இந்த எடைதான். புதுசு வாங்கும் பேச்சை அத்தோடு விட்டோம்.

தண்ணீரை வெளியேற்றுவதை நான் தேர்வாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. அது இல்லாமல் அலைக்குப் போகக் கூடாது. கம்பெனி வைத்துக் கொடுக்கிற உறிஞ்சு குழாய் ஜெட் ஓடும்போது மட்டும்தான் தண்ணீரை இழுக்கும். இஞ்சின் நின்ற அந்த நிமிடத்தில்தான் தண்ணீர் அதிகமாக உள்ளே வருகிறது; அப்போது அது வேலை செய்யாது. அதனால் உள்ளே தேங்கிய தண்ணீரை இறைக்க, பேட்டரியில் ஓடுகிற பில்ஜ் பம்ப் வேண்டும். சின்னது மணிக்கு 500 கேலன் என்று போட்டிருக்கும், அதாவது 1,900 லிட்டர் அளவில். குழாய் மேலேறி வளைந்து போகும்போது அதில் பாதி வந்தால் பெரிய விஷயம். ஒன்று பெரிதாகப் போடுவதைவிடச் சின்னது இரண்டு போடுவது எனக்குப் பிடிக்கும். ஒன்று இலையையோ குப்பையையோ விழுங்கி அடைத்துக்கொண்டாலும் மற்றது ஓடும். கூடவே ஹூட்டின் ரப்பர் விளிம்பை மாற்றினோம். பழசு ரொட்டி சானாய் மாதிரி தட்டையாகிப் போயிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் இஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டால், கரைக்கு இழுத்து வந்து உடனே பிளக்குகளைக் கழற்ற வேண்டும். பிளக் துளையின் மேல் குனிந்து பார்க்காமல் ஸ்டார்ட்டரைத் தட்டினால் தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். அப்புறம் எண்ணெய் விட்டுச் சுற்றி, பிளக்கைப் போட்டு, இஞ்சினை ஓட்டிச் சூடாக்கிவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனால் உப்புத் தண்ணீர் ஒரே ராத்திரியில் கிராங்க் பேரிங்கைத் தின்னத் தொடங்கிவிடும். கவிழ்ந்த வண்டியையும் நினைத்த பக்கம் புரட்டக் கூடாது. பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி இருக்கும்.

இனி உண்மையான தேர்வுக்கு வருவோம். கால் பிடிப்பதற்கு ஃபுட் ஹோல்டா? பம்ப் பிடிப்பதற்கு வண்டி அடியில் மாட்டுகிற கிரேட்டும் பிளேட்டுமா? இல்லை, கைக்கு அந்த மடங்கும் கம்பி, அதாவது ஹேண்டில் போலா?

என் ஓட்டு ஃபுட் ஹோல்டுக்கு. அலையின் முதுகில் ஏறி வண்டி காற்றில் போகும்போது உங்களையும் வண்டியையும் சேர்த்து வைத்திருப்பது இரண்டு கை மட்டும்தான். கால் வெறும் ரப்பர் மெத்தை மேல் நிற்கிறது. இறங்கும்போது வண்டி ஒரு திசை, கால் ஒரு திசை. நிற்கும் தட்டில் இரண்டு பக்கமும் காலைச் செருகிக்கொள்ள வளைவுகள் கட்டிவிட்டால் வண்டியைக் காலாலேயே திருப்பலாம், தூக்கலாம், சாய்க்கலாம். கடையில் வாங்கும் எந்த உதிரிப்பாகமும் கையாளுவதில் இத்தனை மாற்றத்தைக் கொண்டுவராது. கூடவே மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் மலிவு, சொந்தமாகச் செய்தால்.

சொந்தமாகச் செய்வதில்தான் நான் ஒரு தடவை ஏமாந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் என்னுடைய பழைய கவாசாகிக்கு, மீன்பிடிப் படகுக்குப் பூசுகிற சாதாரண பாலியெஸ்டர் ரெசினை வாங்கி ஃபுட் ஹோல்ட் கட்டினேன். கல்லு மாதிரி இறுகியது. தட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. டெசாருவில் மூன்றாவது தாவலில் வலது பக்கம் முழுசாகக் கழன்று காலோடு வந்துவிட்டது. தண்ணீரில் விழுந்து எழுந்து பார்த்தால் காலில் செருப்பு மாட்டியதுபோல ஃபுட் ஹோல்ட். கரையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த வண்டிகளின் உடம்பு கையால் பூசிய கண்ணாடி இழை இல்லை. எஸ்எம்சி என்று சொல்கிற, அச்சில் சூடாக அழுத்திச் செய்த பொருள். பாலியெஸ்டர் அதன்மேல் உட்காரும், ஒட்டாது. எபாக்சிதான் வேண்டும். அதுவும் பெயின்டின் மேல் பூசினால் பெயின்டோடு சேர்ந்து உரிந்து வரும்.

இந்தத் தடவை தம்பியின் வண்டியில் மெத்தையை உரித்தோம், 40 நம்பர் உப்புத்தாளால் அடியிலிருக்கும் சாம்பல் நிறம் தெரியும்வரை தேய்த்தோம், அசிட்டோனால் துடைத்தோம். அதன் பிறகு யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன்; முறுக்கு தின்ற விரல் பட்டாலும் போச்சு. வண்டியைப் புல் மேல் வைத்து, கடலுக்குப் போடுகிற அதே காலணியை நனைத்து மாட்டிக்கொண்டு அவனை ஏறி நிற்கச் சொன்னேன். சுண்ணாம்புக் கட்டியால் பாதத்தைச் சுற்றிக் கோடு. கால் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு சுலபமாக மூக்கு மேலே எழும்பும். முன்னால் வந்தால் இறங்கும்போது வண்டி நிதானமாக இருக்கும். குட்டிக்கரணம் அடிக்கிறவர்கள் ஒரேயடியாகப் பின்னால் வைப்பார்கள். இவனுக்கு அந்த ஆசை இருந்தது, ஆனால் இன்னும் அந்த வயசு வரவில்லை. ஒரு கை அகலம் முன்னால் தள்ளி வைத்தேன்.

அட்டைப்பெட்டி அட்டையை வளைத்து அச்சு, அதன்மேல் கண்ணாடி இழைத் துணி ஐந்து அடுக்கு. எபாக்சியின் இரண்டு பகுதிகளையும் கண்ணால் அளக்காமல், வீட்டில் மாவு நிறுக்கும் தராசில் நிறுத்தே கலந்தேன். எங்கள் ஊர் மழை நாளில் இன்னொரு தொல்லை உண்டு. ஈரக்காற்றில் எபாக்சி இறுகும்போது மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, மறுபடி உப்புத்தாள் போட்ட பிறகுதான் அடுத்த அடுக்கு. அவசரப்பட்டு மேலே பூசினால் அடுக்கு அடுக்காகப் பிரியும். இந்த வேலைக்கு மூன்று நாள் போனது. வளைவை இறுக்கமாகவும் வைக்கக் கூடாது. விழும்போது கால் தானாக உருவிக்கொண்டு வர வேண்டும். வராவிட்டால் உடைவது ஃபுட் ஹோல்ட் இல்லை, கணுக்கால்.

அடுத்தது பம்ப் பக்கம். ஜெட் ஸ்கீக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பித்தான் வண்டி திரும்புகிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் திரும்பாது. நுரைக்குள் பம்ப் காற்றைக் குடித்துவிட்டாலும் அதே கதிதான்: இஞ்சின் அலறும், தள்ளுவதற்குத் தண்ணீர் இருக்காது, வண்டி மரக்கட்டை. அந்த இரண்டு வினாடியில்தான் அலை வந்து கவிழ்க்கும். ஆகவே பம்ப் தண்ணீரை விடாமல் கவ்வுவதும் அலையில் கையாளும் விஷயம்தான், வேக விஷயம் இல்லை.

புதுச் சாமான் வாங்குவதற்கு முன் பழசைப் பார்க்க வேண்டும். பம்புக்குள் சுழலும் விசிறியான இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் இடையிலே, இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் ஸ்டார்ட் செய்கிறவர்கள் வண்டியில் மணல் அந்த வளையத்தை அரைத்திருக்கும். இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நெருங்கினால் என்ன கிரேட் போட்டும் பலன் இல்லை. பம்ப் உட்கார்கிற இடத்தில் சீலிங் விட்டுப்போயிருந்தால் அதன் வழியாகவும் காற்று இழுக்கும். ஒரு டியூப் சிலிக்கான் வேலை. தம்பியின் வண்டியில் சுண்டுவிரல் போகும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. நுரையில் கத்தியதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு.

அதற்குப் பிறகும் காசு இருந்தால் கிரேட்டா, ரைடு பிளேட்டா? இரண்டும் வண்டியின் அடியில்தான் இருக்கின்றன, ஆனால் செய்கிற வேலை வேறு. கிரேட் தண்ணீர் உள்ளே போகும் வாயில் இருக்கிறது. டாப் லோடர் வகையில் ஒரு சின்னச் சிறகு இருக்கும். தண்ணீரை வாரி உள்ளே தள்ளும். குதித்து இறங்கியதும் பம்ப் உடனே கவ்விக்கொள்ளும். வண்டியின் பின்புறமும் தண்ணீரோடு ஒட்டி நிற்கும். குறை என்னவென்றால் குப்பையையும் சேர்த்து வாரும். டெசாருவில் பெரிய மழைக்கு மறுநாள் ஆற்று வழியாக வந்த குச்சி, தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் பை எல்லாம் மிதக்கும். அன்றைக்கு டாப் லோடர் போட்டவன் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருப்பான், இஞ்சினை அணைத்துவிட்டுத்தான்.

ரைடு பிளேட் பம்புக்கு அடியில் பின்னால் திருகியிருக்கும் தட்டு. நீளமாக இருந்தால் மூக்கை அழுத்தி வைக்கும், நேராக ஓடும்போது வண்டி குதிரை மாதிரி குதிக்காது. குட்டையாக இருந்தால் பின்புறம் தாழும், மூக்கு லேசாக எழும்பும், சட்டென்று திரும்பும். தாவ வேண்டும் என்கிறவர்கள் குட்டையையே விரும்புவார்கள். ஆனால் நீங்கள் இன்னும் நுரையைத் தாண்டி அலை உடையாத இடத்துக்குப் போய்ச் சேரவே திணறுகிறவர் என்றால் பிளேட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். நான் கிரேட்டை முதலில் வாங்கச் சொன்னேன். பிளேட் அடுத்த சீசனுக்கு.

இம்பெல்லரை கப்சாய் பாஷையில் சொன்னால் உடனே விளங்கும். தோட்டத்து மேட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போக முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைப்போமே, அதுதான் குறைந்த பிட்ச், அதாவது இம்பெல்லர் இலையின் சாய்வு குறைவு. கடைசி வேகம் குறையும், ஆனால் கை முறுக்கியதும் தள்ளும். அலையில் நமக்கு வேண்டியது பின்னதுதான். யாராவது கழற்றிப் போட்ட நல்ல இம்பெல்லர் கிடைத்தால் வாங்கலாம், புதுசுக்கு ஓட வேண்டாம்.

வண்டியின் இரண்டு பக்கமும் திருகியிருக்கும் துடுப்பு மாதிரியான ஸ்பான்சனுக்குச் செலவே இல்லை. தட்டைத் தண்ணீரில் மிதவைகளைச் சுற்றி வளைக்கும்போது அது பிடிமானம் தரும். அலையில் பக்கவாட்டில் இறங்கினால் அதே பிடிமானம் தண்ணீரில் குத்தி ஆளைத் தூக்கி எறியும். கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், திருகுத் துளைகளை மட்டும் நன்றாக அடைத்துவிடுங்கள். பிடிக்காவிட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

ஹேண்டில் போல் விஷயத்தில் எனக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. அவனுக்குக் குட்டையான, லேசான அலுமினியம் போல் வேண்டும். படத்தில் பார்த்த எல்லோரும் அதைத்தான் போட்டிருக்கிறார்களாம். குட்டைப் போலில் மூக்கைத் தூக்குவது சுலபம் என்பது நிஜம். ஆனால் அவன் என்னைவிட அரை அடி உயரம். அந்த உயரத்துக்குக் குட்டைப் போல் போட்டால் குனிந்தே ஓட்ட வேண்டும். அரை மணி நேரத்தில் முதுகு பேசும். அதற்குப் பதிலாக வளைவு குறைந்த ஹேண்டில்பாரும் புதுக் கைப்பிடியும் போட்டோம். அதிலேயே பாதி வித்தியாசம் தெரிந்தது. குள்ளமானவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

ஹெட்டும் பைப்பும்? அழுத்தம் ஏற்றிய ஹெட் போட்டால் ரோன் 95 பெட்ரோலை மறந்துவிட வேண்டியதுதான். கார்புரேட்டரையும் திரும்ப அளந்து வைக்க வேண்டும். நடுக்கடலில் பிஸ்டன் பிடித்துக்கொண்டால் நீந்தித்தான் வர வேண்டும். 50 லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்று கலந்து, ஒழுங்காக ஓடுகிற 701ஐ நோண்ட எனக்கு மனசு வரவில்லை.

எல்லாம் முடிந்ததும் ஜொகூர் ஆற்றில் இறக்கிப் பார்த்துவிடலாம் என்றான். அந்த ஆற்றில் முதலை உண்டு. என் மனைவி ஒரே பார்வையில் அந்தப் பேச்சை முடித்துவைத்தாள். நேராக டெசாருவுக்கே போனோம், டிசம்பர் இரண்டாவது ஞாயிறு. சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்ததால் குளிக்கிறவர்கள் யாரும் தண்ணீரில் இல்லை. ஆட்கள் நிற்கிற கரையிலிருந்து தள்ளி, ஆளற்ற பக்கமாக இறக்கினோம். ஆள் விழுந்தால் இஞ்சினை அணைக்கும் கயிறு மணிக்கட்டில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

பதினொரு தடவை விழுந்தான், எண்ணினேன். ஒரு தடவைகூடக் கால் வழுக்கி விழவில்லை. எல்லாம் துணிச்சலில் விழுந்தது. இரண்டு தடவை கவிழ்ந்தது, நிமிர்த்திய உடனே பக்கவாட்டில் இரண்டு குழாயும் துப்ப ஆரம்பித்தன. நுரைக்குள் இன்னமும் கொஞ்சம் கத்தியது, ஆனால் கத்திக்கொண்டே நகர்ந்தது.

கரைக்கு வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: "அண்ணே, 700 வெள்ளி மிச்சம் இருக்குல்ல? அந்த ஹெட்டு…"

"பம்ப் வளையத்துக்கு வை," என்றேன். கையில் அள்ளிய மணலை அவனிடம் காட்டினேன். சீசன் முடிய இன்னும் மூன்று மாசம் இருந்தது.